நோயாளியின் நகைப்பு: ‘இரத்தக் கண்ணீர்’ உருவான வரலாறு



நகைச்சுவை என்றவுடன் கவலை மறந்து சிரிக்கும் சிரிப்பே நம் நினைவுக்கு வருகிறது. ஆயின், சிரித்து முடித்த மறுகணமே நெஞ்சை உறுத்தி, எதைக் கண்டு சிரித்தோம் என்று நம்மை நாணச் செய்யும் நகையும் உண்டு. சாவு, நோய், குற்றம், வீழ்ச்சி ஆகிய இருண்ட பொருள்களினின்று பிறக்கும் அந்நகையைக் கரிய நகைச்சுவை என்று மேனாட்டார் வழங்குவர். பிரெஞ்சுக் கவிஞர் ஆந்திரே பிரெத்தோன் 1940ஆம் ஆண்டில் தாம் தொகுத்த நூலொன்றுக்கு அப்பெயரையே சூட்டினார். மணந்த பெண்களைக் கொன்று பொருள் சேர்க்கும் ஒருவனை நாயகனாக்கி, 1947இல் சாளி சாப்ளின் ‘மொன்சியர் வெர்டூ’ என்னும் படத்தை எடுத்தார். அதற்கு ஏழாண்டுகளின் பின்னர், 1954ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி, இவ்வகை நகையின் உச்சத்தைத் தொட்ட படமொன்று தமிழில் வெளிவந்தது. அதுவே ‘இரத்தக் கண்ணீர்’. அப்படம் எவ்வாறு உருவாயிற்று, அதன் பின்னணியில் உழைத்தோர் யாவர், அதன் நகைப்பு எதனைக் குறித்தது என்பனவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

படம் பிறப்பதற்கு முன்னரே நாடகம் பிறந்துவிட்டது. திருவாரூர் கே. தங்கராசு என்னும் பகுத்தறிவு இயக்க எழுத்தாளர் எழுதிய அந்நாடகத்தை எம். ஆர். ராதா தமிழகமெங்கும் மேடையேற்றி வந்தார். 1907ஆம் ஆண்டு பிறந்த ராதா, சிறுவர் நாடகக் குழுக்களிலேயே வளர்ந்தவர். 1937ஆம் ஆண்டு முதல் சில படங்களில் நடித்த பின் திரையுலகை விட்டு விலகி மேடைக்கே மீண்டவர். அவருக்கு மேடை வெறும் தொழிலிடம் அன்று. அது சமூகத்தோடு வழக்காடும் மன்றம். எழுதிய வசனத்தோடு நில்லாமல், அன்றாடச் செய்திகளையும் அவ்வூர்ப் பெரிய மனிதர்களின் போக்கையும் நாடகத்தினிடையே இழுத்துவந்து எள்ளி நகையாடுவார். சென்னை மாநில அரசு 1954இல் நாடக நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்றைக் கொண்டுவந்தது. ராதாவின் நாடகங்களே அதற்கு முதன்மையான காரணம் என்பது பலரும் எழுதியுள்ள செய்தி. மேடைக்குக் கடிவாளம் இடப்பட்ட அதே ஆண்டில் அவர் திரைக்கு மீண்டார் என்பது கருதத்தக்கது.

அவரை மீட்டு வந்தவர் நெஷனல் பிக்சர்ஸ் அதிபர் பி. ஏ. பெருமாள் முதலியார். நாடகங்களைப் படமாக்கும் துணிவும், மேடை நடிகரை இனங்காணும் கண்ணும் படைத்தவர் அவர். 1952இல் ‘பராசக்தி’ எடுக்கப்பட்டபோது, திரையுலகம் அறியாத கணேசன் என்னும் இளைஞரே அதில் நாயகனாக வேண்டும் என்று உறுதியாக நின்றவர். அப்படத்தை இயக்கிய கிருஷ்ணன், பஞ்சு இரட்டையரையே ‘இரத்தக் கண்ணீர்’ படத்துக்கும் அவர் அமர்த்தினார். ‘பராசக்தி’யில் தங்கை கல்யாணியாக வந்த ஸ்ரீரஞ்சனி இதில் கைவிடப்பட்ட மனைவி சந்திராவானார். அதில் அண்ணன்மாருள் ஒருவராக வந்த எஸ். எஸ். இராஜேந்திரன் இதில் நண்பன் பாலு ஆனார். ஆகவே, ஒருவரோடொருவர் பழகித் தேர்ந்த குழுவொன்றின் நடுவிலேயே ராதா வந்து நின்றார் எனலாம்.

கிருஷ்ணனும் பஞ்சுவும் வேறுபட்ட இடங்களினின்று வந்து இணைந்தவர்கள். கிருஷ்ணன் கோயம்புத்தூரில் திரைப்படத் தொழில்நுட்பம் பயின்றவர். பஞ்சு உதவி இயக்குநராகத் தொடங்கியவர். படத்தொகுப்பிலும் வல்லவராகி, ‘பஞ்சாபி’ என்னும் பெயரில் தொகுப்பாளராக விளங்கியவர். நினைத்ததைப் பேசிச் செல்லும் மேடை நடிகரைப் படச்சுருளின் அளவுக்குள் அடக்குதல் எளிதன்று. மேடையில் அவையோரின் சிரிப்புக்கு ஏற்ப நடிகர் நின்றும் நீட்டியும் பேசலாம். படப்பிடிப்புத் தளத்திலோ அவையும் இல்லை, சிரிப்பும் இல்லை. கருவி மட்டுமே எதிரில் நிற்கும். ஆதலின் ராதாவின் பேச்சு நெடுகச் செல்லும் இடங்களில் இயக்குநர்கள் அதனைத் துண்டாடாது ஓடவிட்டனர். அவ்விடங்களில் நாடக மேடையின் சாயல் தெரிகிறதே என்று குறை கூறுவாரும் உளர். அவர் குரலின் ஏற்றவிறக்கத்துக்கு இடந்தருதலே அப்படத்தின் உயிர்நாடி என்பது என் துணிபு.

காந்தா என்னும் பாத்திரம் மற்றொரு தடையாயிற்று. நாயகனின் செல்வத்தைக் கவர்ந்து, நோயுற்றபின் அவனை உதைத்துத் துரத்தும் பெண் அவள். அப்பாத்திரத்தை ஏற்றால் தம் பெயர் கெடுமென்று நடிகையர் பலர் பின்வாங்கியதாகச் சொல்வர். துணிந்து ஏற்றவர் எம். என். ராஜம் என்னும் இளம் நடிகை. மூத்த கலைஞரைக் காலால் உதைக்கத் தாம் தயங்கியதையும், தயங்காது உதைக்குமாறு ராதாவே ஊக்கியதையும் அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். தன் பெருமையைத் தானே மிதிபட வைக்கும் அத்துணிவு இல்லாத நடிகரிடம் இவ்வகை நகைச்சுவை கைகூடாது.

இசையிலும் இரு கைகள் வேலை செய்தன. பாடல்களுக்குச் சி. எஸ். ஜெயராமன் இசையமைத்தார், பின்னணி இசையை விஸ்வநாதன், இராமமூர்த்தி இருவரும் வகுத்தனர். நாயகனின் வீழ்ச்சியைக் கூறும் பாடலை ஜெயராமனே துயரம் ததும்பப் பாட, அதன் இடையிடையே ராதா தம் கரகரத்த குரலில் குறுக்கிட்டுப் பேசுவார். பாட்டு அழ, பேச்சு சிரிக்கும். அழுகையும் நகையும் ஒரே மூச்சில் நிகழும் அப்பாட்டில் படம் முழுவதன் போக்கும் அடங்கியிருக்கிறது.

இனி, அந்நகை எதனை நோக்கியது என்று காண்போம். வெளிநாட்டினின்று திரும்பிய மோகனசுந்தரம் செல்வச் செருக்கு மிக்கவன். ஈன்ற தாயையும் மணந்த மனைவியையும் இகழ்கிறான். காந்தாவை நாடிப் பொருளை இழக்கிறான். தொழுநோயுற்றுக் கண்பார்வையும் இழந்து தெருவில் இரந்து திரிகிறான். உடல் அழிந்தபோதும் அவன் நாக்கு அடங்கவில்லை. முன்பு தன் மேட்டிமையால் பிறரை எள்ளியவன், இப்போது உண்மையைக் கண்டு, தன்னையும் தன்னை இவ்வாறு வளர்த்த உலகையும் சேர்த்தே எள்ளுகிறான். இறுதியில் தன் மனைவியைத் தன் நண்பனே மணக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறான். தன் சிதைந்த உருவத்தையே சிலையாக நிறுவி ஊருக்குப் பாடமாக்கும்படியும் கேட்டுக்கொள்கிறான்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறுகிறார். பிணியை அவற்றுள் சேர்த்தாரில்லை. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கும் இளிவரலுக்கே உரியன என்பது அவர் வகுத்த நெறி. ‘இரத்தக் கண்ணீர்’ இந்நெறியைப் பிறழவில்லை. இளிவரலுக்கு உரிய நோயாளியின் வாயிலே எள்ளலை வைத்தது, அவ்வளவே. அங்கே நோயாளி சிரிக்கிறான், சிரிக்கப்படுவது உலகம்.

இவ்வேறுபாட்டை நான் உணர நெடுங்காலம் சென்றது. புத்தளக் களப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எங்கள் நுரைச்சோலையில் நான் சிறுவனாயிருந்தபோது, படம் பார்த்தவர் சிலர். அதன் வசனங்களைக் கேட்டவர் பலர். வானொலியிலும், பின்னர் ஒலிநாடாவிலும் கேட்டு, வெங்காயத் தோட்டத்துக்கு நீர் இறைக்கும்போதும் தேநீர்க்கடை வாங்கிலிலும் ராதாவின் குரலில் பேசிக் காட்டாத இளைஞர் அரியர். கடற்கரையோரம் ஓலைக் குடிசையொன்றில் முதியவர் ஒருவர் தனித்து வாழ்ந்தார். அவர் கைவிரல்கள் மடங்கியிருந்தன. அவர் கடைக்கு வரும்போதெல்லாம் சிறுவர் நாங்கள் அக்குரலை எடுத்துப் பேசி, விரல்களை மடக்கிக் காட்டிச் சிரித்தோம். அவர் கோபித்தாரல்லர். சில நாட்களில் கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே அப்படத்தை முழுமையாகப் பார்த்தேன். ராதாவின் குரலை இரவல் வாங்கி, ராதா யாரை எள்ளினாரோ அவர்களுடைய வேலையை நாங்கள் செய்தோம் என்று அன்றுதான் விளங்கிற்று. மன்னிப்புக் கேட்க அப்போது அவர் உயிரோடு இல்லை.

படத்தின் மேல் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஒழுக்கக் கேட்டுக்குத் தண்டனையாக வருவது தொழுநோய் என்னும் பழைய எண்ணத்தை அது மறுக்காமல், கதையின் அச்சாணியாகவே கொண்டது. அந்நோய் கிருமியொன்றால் விளைவது என்று நோர்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தார். 1940களில் சல்போன் வகை மருந்துகளும் வந்துவிட்டன. மூடநம்பிக்கைகளைச் சாடிய கலைஞரின் படத்திலேயே இம்மூடநம்பிக்கை தங்கிவிட்டது வருந்தத்தக்கதே. நம் நாட்டிலும் ஒல்லாந்தர் காலத்தில் ஹெந்தளையிலும், பின்னர் மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவிலும் நோயாளரை ஊரினின்று பிரித்து வைத்தனர். பிரித்து வைத்தது நோயை மட்டுமன்று, மனிதரையும் அல்லவா?

சில ஆண்டுகளின் முன்னர், எனது பாடசாலையில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் மாணவன் ஒருவனின் முதுகில் வெளிறிய, உணர்ச்சியற்ற தேமலொன்று கண்டறியப்பட்டது. தாய் என் அறைக்கு வந்து, “ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதீங்க சேர்” என்று அழுதார். 1980களில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துமுறையால் இந்நோய் முற்றாகக் குணமாகும் என்றும், மருந்து அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகவே கிடைக்கும் என்றும் எடுத்துரைத்தேன். மருந்து தொடங்கியபின் நோய் பிறருக்குத் தொற்றுவதில்லை. சிறுவன் ஆறு மாதம் மாத்திரை உண்டான்; நோயின் பொருட்டு ஒரு நாளேனும் வகுப்புக்கு வராதிருக்கவில்லை. உடன் பயின்றோர் எவருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்களோ என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு.

நேயர்களே, ‘இரத்தக் கண்ணீர்’ தெலுங்கிலும் மேடையேறியது. 2003இல் கன்னடத்தில் மீண்டும் படமாயிற்று. தமிழிலும் ராதாவின் குரலைப் பிறர் போன்மை செய்வது இன்றளவும் ஓயவில்லை. பெருமாள் முதலியாரும் தங்கராசுவும் கிருஷ்ணன், பஞ்சுவும் ராஜமும் ஜெயராமனும் சேர்ந்து தாங்கியதாலேயே அக்குரல் இத்தனை ஆண்டு நிலைத்தது. அதைக் கேட்டு இனியும் சிரிப்போம், அதில் பிழையில்லை. ஆயின் சிரிக்குமுன், அந்நகைப்பு யாரை நோக்கி வருகிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. அது நம்மை நோக்கி வருமாயின் ஏற்றுக்கொள்வோம். நலிந்தோர்மேல் அதனைத் திருப்பிவிடாதிருப்போம்.