மாரியஸ் காட்ட மறுத்த கால்

உரோமக் குடியரசில் ஏழு தடவைகள் கொன்சல் பதவி வகித்த தளபதி கயஸ் மாரியஸ் கி.மு. 86இல் இறந்தவர். அவருடைய இரு கால்களிலும் நாளங்கள் புடைத்துச் சுருண்டிருந்தன. இன்று வெரிகோஸ் வெயின் என நாம் அழைக்கும் நோய்தான். தம்மைக் கட்டிப்போட இடமளிக்காது, முனகலுமின்றி ஒரு காலை அறுக்கக் கொடுத்த அவர், வைத்தியர் மற்றைய காலை நெருங்கியபோது மறுத்துவிட்டார். கிடைக்கும் பலன் படும் வேதனைக்கு ஈடாகாது என்று அவர் கருதியதாகப் புளூட்டாக் எழுதுகிறார்.

மாரியஸின் கணக்கு நியாயமானதே. 1907இல் அமெரிக்கரான பாப்கொக் நாளத்தினுள் கம்பியைச் செலுத்தி அதனை உருவியெடுக்கும் முறையை வெளியிட்டார். அந்நூற்றாண்டு முழுவதும் நிலைத்தது அம்முறையே. மயக்க மருந்து வேதனையை மறைத்தது. தழும்பும் கன்றலும் நீங்கவில்லை.

1999இல் ஸ்பெயினின் கார்லோஸ் போனே, நாளத்தினுள் லேசர் இழையைச் செலுத்தி வெப்பத்தால் அதனை மூடிக்காட்டினார். 2002இல் அமெரிக்கா இதனை அனுமதித்தது. ஆனால் ஆரம்பத்தில் பயன்பட்ட 810 நனோமீற்றர் கதிரைக் குருதியே பெரிதும் உறிஞ்சியதால் நாளச்சுவர் துளைபட்டு, கன்றலும் வலியும் ஏற்பட்டன. பின்னர் வந்த 1470 நனோமீற்றர் கதிரை நீர் உறிஞ்சுகிறது, வலி குறைந்தது.

எனினும், தோல் கருகாமல் காப்பது லேசர் அன்று. நாளத்தைச் சுற்றி ஊசியால் ஏற்றப்படும், விறைப்பு மருந்து கலந்த உப்புநீர். வலியை மரக்கச் செய்வதும், நாளத்தை நெருக்குவதும், வெப்பத்தைத் தாங்குவதும் அந்நீரே. விளம்பரங்களில் இந்த உப்புநீருக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை!

'பக்கவிளைவே அற்றது' என்ற வாசகத்தை நான் ஏற்பதில்லை. பிரித்தானியாவில் 798 நோயாளிகளிடம் நடத்தி 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வில், சிகிச்சை சார்ந்த சிக்கல்கள் லேசரில் 1 சதவீதம், நுரை ஊசியில் 6, சத்திரசிகிச்சையில் 7. ஆனால் பாரதூரமான பாதிப்புகளோ மூன்றிலும் ஏறத்தாழ 3 சதவீதமே. அதற்கு முந்திய ஆண்டில், பொருத்தமானவர்களுக்கு வெப்பத்தால் நாளத்தை மூடும் முறைகளையே முதலில் அளிக்குமாறு பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் பரிந்துரைத்திருந்தது.

கெண்டைக்காலில் சிலருக்கு மரத்த உணர்வு மிஞ்சும். அரிதாகக் குருதிக்கட்டி ஆழ்நாளத்துக்குப் பரவும். மிக அரிதாகச் சுவாசப்பையை அடையும். ஆகவே ஆழ்நாளங்கள் சீராக உள்ளனவா என முன்கூட்டியே ஸ்கான் செய்தார்களா என்று வைத்தியரிடம் கேளுங்கள். சிகிச்சை முடிந்ததும் நடக்கச் சொல்வது குருதி தேங்காதிருக்கவே. அதன் பின்னரும் கால் திடீரென வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.