மகளின் அறைக்கு என்ன பெயிண்ட்? ஒரு சுவரின் வரலாறு

பெண் குழந்தை உள்ள குடும்பம் புது வீட்டுக்குக் குடிபோனால் ஒரு செல்லச் சண்டை நிச்சயம். அவள் அறைக்கு என்ன கலர்? அம்மா ரோஸ் என்பார், அப்பா ஆகாய நீலம் என்பார், அவளோ சுவர் முழுக்கப் பட்டாம்பூச்சி கேட்பாள்! கலரைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், அந்தக் கலரை எதைக் கொண்டு செய்தார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் விட்டதற்கு உலகம் நிறையவே விலை கொடுத்திருக்கிறது.

எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் மகளுக்கென்று தனி அறையே கிடையாது. ஒரு டிரங்குப் பெட்டி, சுவரில் ஒரு மாடம், ஆணியில் தொங்கும் சின்னக் கண்ணாடி, அவ்வளவுதான் அவள் ராஜ்ஜியம். சுவருக்குச் சுண்ணாம்பு. பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பார்கள், பளிச்சென்று தெரியக் கொஞ்சம் நீலம் கலப்பார்கள், ஒட்டிப் பிடிக்க வஜ்ஜிரமோ கஞ்சியோ சேர்ப்பார்கள்.

ஆலங்குளத்துக்காரர்களுக்குச் சுண்ணாம்புக்கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை (நான் சொல்வது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம், தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அல்ல). அந்தக் கல்லை நம்பித்தான் 1970-ல் இங்கே அரசு சிமென்ட் ஆலை வந்தது. கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். சுவரில் பூசினால் காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிவிடும். வெள்ளையடித்த சுவர் என்பது மெல்லிய சுண்ணாம்புக்கல்தான். ஈரமாக இருக்கும்போது கடும் காரம் என்பதால் கிருமியையும் கொல்லும். குறை ஒன்றுதான்: சாய்ந்தால் முதுகெல்லாம் வெள்ளை. அந்த ஒட்டலைத் தாங்க முடியாமல்தான் டிஸ்டெம்பருக்கும் எனாமலுக்கும் போனோம்.

இங்கிலாந்தில் கதை வேறு. 1775-ல் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே, செம்பையும் ஆர்சனிக்கையும் சேர்த்து அருமையான ஒரு பச்சை நிறத்தைக் கண்டுபிடித்தார். 19-ஆம் நூற்றாண்டில் அது சுவர்க் காகிதங்களில் ஏறி, பிள்ளைகள் தூங்கும் அறைகளுக்கும் வந்துவிட்டது. 1862-ல் லண்டன் லைம்ஹவுஸ் பகுதியில் ஒரே குடும்பத்தின் நான்கு பிள்ளைகள் இறந்தபோது பச்சைச் சுவர்க் காகிதத்தின் மீது சந்தேகம் விழுந்தது. விசாரணையில் இயற்கை மரணம் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். லைம்ஹவுஸ் என்ற பெயரே அங்கிருந்த பழைய சுண்ணாம்புக் காளவாய்களால் வந்தது!

ஆர்சனிக்கை விடப் பெரிய வில்லன் ஈயம். நான் வணிகவியல் படிப்பவள், வேதியியல் எனக்குத் தூரம். ஆனால் கம்பெனிகள் ஏன் ஈயத்தை விடவில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஈய வெள்ளை நன்றாக மூடும், ஈயம் கலந்த மஞ்சளும் சிவப்பும் கண்ணைப் பறிக்கும், பெயிண்ட் சீக்கிரம் காயும். எல்லாமே விற்பனைக்கு உதவும் குணங்கள். உடம்புக்குள் நடப்பதோ வேறு. கால்சியம் போல வேஷம் போட்டு ஈயம் எலும்பில் குடியேறுகிறது, மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. விழுங்கிய ஈயத்தைச் சிறுபிள்ளையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாக ஈர்த்துக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதை முதலில் கண்டுபிடித்த இடம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன். 1892-லேயே அங்கே பிள்ளைகளிடம் ஈய நஞ்சு தெரிந்தது, எங்கிருந்து வருகிறது என்பதுதான் புரியவில்லை. 1904-ல் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் வராந்தாக் கம்பிகளையும் சுவர்களையும் கைகாட்டினார். வெயிலில் காய்ந்த பெயிண்ட் மாவு மாவாகக் கையில் ஒட்டும், பிள்ளை விரலைச் சப்பும். நம் சுண்ணாம்பும் கையில் ஒட்டத்தான் செய்தது, ஆனால் ஒட்டியது வெறும் சுண்ணாம்பு! 1922-ல் குயின்ஸ்லாந்து அரசு, பிள்ளைகளின் கை எட்டும் இடங்களில் ஈய பெயிண்ட் அடிக்கத் தடை போட்டது.

அதே 1920-களில் அமெரிக்காவில் நேஷனல் லெட் கம்பெனி, 'டச்சு பாய்' என்ற சிறுவன் படத்தை வைத்து ஈய பெயிண்ட் விற்றது, பிள்ளைகளுக்கென்றே வண்ணம் தீட்டும் புத்தகங்களும் கொடுத்தது. விளம்பரப் பாடத்தில் இதைத் திறமை என்று சொல்லித் தருவார்களோ என்னவோ, எனக்கு வயிறு எரிகிறது. வீட்டு பெயிண்ட்டில் ஈயத்துக்கு அமெரிக்கா தடை போட்டது 1978-ல்தான்.

நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் ஒழிந்தது, பெயிண்ட் அப்படியே இருந்தது. 2000-களில் கடையில் வாங்கிச் சோதித்த எனாமல் பெயிண்ட்கள் பலவற்றில் ஈயம் அளவுக்கு மீறி இருந்தது. கடைசியில் 2016-ல் விதி வெளியானது: ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது. அமலுக்கு வந்தது 2017 நவம்பரில். குயின்ஸ்லாந்துக்குப் பின் 95 ஆண்டுகள்!

ஆகவே ரோஸா நீலமா என்பது அவரவர் இஷ்டம். பெண்ணுக்கு ரோஸ் என்பதே பழைய வழக்கம் அல்ல, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆண் பிள்ளைக்குத்தான் ரோஸ் என்று எழுதியவர்களும் உண்டு. டின்னின் மேல் ஈய அளவு அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், விதிப்படி இருக்க வேண்டும். புதுச் சுவரைவிடக் கவனிக்க வேண்டியது, 2017-க்கு முன் எனாமல் அடித்த கதவு, ஜன்னல், பழைய மரக்கட்டில். உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் தூசி வீடெங்கும் பறக்கும். தண்ணீர் தெளித்துத் தேய்க்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு மூன்று நாளும் மகள் பாட்டி வீட்டில் இருக்கட்டும். தரையை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்த பிறகு பட்டாம்பூச்சி ஒட்டலாம்.