சீ யுப் கூன் கோயில், மும்பை

மும்பையின் மஸ்காவ் பகுதியில், நவாப் டேங்க் சாலையில் இருக்கும் சீனக் கோயில் சீ யுப் கூன். 1919இல் கட்டப்பட்ட இதுவே அந்நகரில் எஞ்சியிருக்கும் ஒரே சீனக் கோயில். குர்லாவிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் வடாலா, சிவ்ரி தாண்டி டாக்யார்டு ரோடில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். தெருவில் போகிறவர்களுக்கு இது ஒரு பழைய மாடிவீடாகத்தான் தெரியும்.

கட்டியவர்கள் தென்சீனத்தின் குவாங்டாங் மாகாணத்தில், சீ யுப் எனப்படும் நான்கு மாவட்டங்களிலிருந்து கப்பல் வேலைக்கும் துறைமுக வேலைக்கும் வந்தவர்கள். காமாட்டிபுராவை ஒட்டிய சுக்லாஜி தெருவில் ஒரு காலத்தில் சீனக் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்தன. பின்னாளில் பல் மருத்துவம், உணவகம், அழகு நிலையம் எனச் சீனர்கள் பல தொழில்களில் ஊன்றினர்.

மேல்தளத்தில் இருப்பவர் குவான் குங். கி.பி. 220வாக்கில் கொல்லப்பட்ட படைத்தலைவர் குவான் யூதான் நேர்மைக்கும் வீரத்துக்கும் உரிய தாவோ தெய்வமாக இப்பெயரில் வணங்கப்படுகிறார். கீழ்த்தளத்தில் கருணைத் தெய்வமான குவான் யின். இவர் பௌத்தத்திலிருந்து வந்தவர். இரு மரபுகளையும் ஒரே கூரையின்கீழ் வைத்து வணங்குவது சீன மக்களின் இயல்பான வழக்கம். ஊதுபத்தி ஏற்றுவதும் காகிதப் பணம் எரிப்பதும் மூங்கில் குச்சிகளைக் குலுக்கிக் குறி பார்ப்பதும் இங்கே இன்றும் உண்டு. சீனப் புத்தாண்டு இரவில் கூட்டம் நிரம்பும்.

இக்கோயிலுக்கு நேர்ந்த பெரிய இழப்பு கட்டடத்தில் இல்லை, மக்களில். 1962 இந்திய-சீனப் போரையடுத்து இந்தியச் சீனர்கள் ஏறத்தாழ 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். பெரும்பாலோர் அசாம், வங்கப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள் என்றாலும் அச்சமும் கண்காணிப்பும் நாடெங்கும் பரவின. பல குடும்பங்கள் கனடாவுக்கும் பிற நாடுகளுக்கும் புறப்பட்டன. எஞ்சிய சிலரின் கைகளில்தான், தலைமுறை தலைமுறையாகப் பொறுப்பேற்ற குடும்பத்தின் கவனிப்பில், கோயில் நிலைத்திருக்கிறது.

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் இதற்கு நேர்மாறான நிலை. அங்கே ஹொக்கியன் சீனர்கள் 1839 முதல் 1842 வரை கட்டிய தியான் ஹாக் கெங் கோயில் 1973இல் தேசிய நினைவுச் சின்னமானது. 1998 முதல் 2000 வரை புதுப்பிக்கப்பட்டு, 2001இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதையும் பெற்றது. அதே தெருவில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்காவும் 1974இல் தேசிய நினைவுச் சின்னமானது. வலுவான சங்கமும் அரசுச் சட்டமும் அங்கே கைகோத்தன. கொல்கத்தாவில் இதே சீ யுப் மக்களின் சீ இப் கோயில் சத்தாவாலா கல்லியில் நிற்கிறது. இப்போதைய கட்டடம் 1905ஆம் ஆண்டினது. அங்கும் வழிபடுவோர் குறைந்துகொண்டே வருகின்றனர்.

மும்பைக் கோயிலில் மரவேலைப்பாடுகளையும் வண்ணங்களையும் கடற்காற்றும் மழைக்கால ஈரமும் ஊதுபத்திப் புகையும் சேர்ந்து அரிக்கும். ஆனால் புகை வேண்டாமென்று வழிபாட்டை நிறுத்தினால் அது கோயிலாக இராது, காட்சிக்கூடமாகிவிடும். மரத்தையும் வண்ணத்தையும் பிறகும் செப்பனிட முடியும். அங்குள்ள சீன எழுத்துப் பலகைகளைப் படம்பிடித்துப் படித்துப் பொருள் எழுதிவைப்பதும், சடங்குகளின் முறையை முதியவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்வதும்தான் முதலில் நடக்க வேண்டியவை.