படகுக் கித்தானும் பாட்டி காலத்து மிஷினும்
பழைய வீட்டுத் தையல் மிஷினைப் படகுக்காரர்கள் தேடிப் பிடிக்கிறாங்களே, ஏன்? ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் சிங்கர் ஆலை 1885 முதல் 1980 வரை ஓடியது. அங்கே உருவான பழைய மாடல்களில் பெரும்பாலும் இரும்பும் எஃகும்தான். 1960களில் வீட்டு மிஷின்களுக்குள் பிளாஸ்டிக் பல்சக்கரம் நுழைந்தது. கனத்த துணியில் அதன் பல் உடையும். பழசிலோ சக்கரத்தைக் கையால் சுற்றினாலே மூணு மடிப்புக் கித்தானை ஊசி துளைத்துவிடும்.

ஆனா பலம் மட்டும் போதாது. வெயில் தாங்கும் தடித்த பாலியெஸ்டர் நூலுக்கு 18ஆம் எண் ஊசி வேணும். துணியை அழுத்தும் பாதமோ கொஞ்சம்தான் உயரும். மூலையில் ஆறேழு மடிப்பு சேர்ந்தால் அடியில் நுழையவே நுழையாது. திணித்துத் தைத்தால் தையல் தாண்டும். தாண்டிய இடத்தில்தான் நடுக்கடலில் பாய் பிரியும். அந்த மூலைகளைக் கைத்தையலுக்கே விட்டுடுங்க.