முதியவர்களுக்கு மட்டும் ஒரு ஊர் - வரமா, வேலியா?

முதியோர் இல்லம் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரே காட்சிதான். வரிசையாகக் கட்டில்கள், வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டிகள், எப்போதாவது வந்து தலைகாட்டும் பிள்ளைகள்...

அமெரிக்காவில் 'இன்டிபென்டன்ட் லிவிங்' என்று சொல்லப்படும் முதியோர் குடியிருப்பு வேறு வகை. சமையல், குளியல், நடமாட்டம் எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்ள முடிந்த முதியவர்கள் அங்கே வாடகைக்கோ விலைக்கோ வீடு எடுத்து, தங்கள் வயதுக்காரர்களோடு வாழ்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனி வீடு, தனிச் சாவி. பல இடங்களில் பொதுச் சாப்பாட்டுக்கூடம், வீடு துடைக்க ஆள், கடைக்கும் மருத்துவரிடமும் அழைத்துப் போக வண்டி எல்லாம் மாத வாடகையிலேயே அடக்கம். நர்ஸ் பராமரிப்பு மட்டும் அதில் சேராது.

இப்படி வாழ்வது நல்லதா? இந்தக் கேள்விக்கு விளம்பரத் தாள்களும் பதில் சொல்கின்றன, குற்றம் சாட்டுபவர்களும் பதில் சொல்கிறார்கள். இரண்டையும்விட நேர்மையான பதில் இந்தக் குடியிருப்புகளின் வரலாற்றில் இருக்கிறது.

ஏழை விடுதியிலிருந்து மாதச் சம்பளத்துக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கையில் காசும் ஆதரிக்கக் குடும்பமும் இல்லாத அமெரிக்க முதியவர் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் 'புவர்ஹவுஸ்' எனப்பட்ட ஏழை விடுதி. உள்ளூர் நிர்வாகம் நடத்திய அந்த விடுதிகளில் முதியவர், மனநோயாளி, அனாதை என்று பலரும் ஒன்றாகக் கிடந்தார்கள். அங்கே போவதைவிடச் சாவது மேல் என்று நினைத்தவர்கள் உண்டு.

1930-களின் பொருளாதாரப் பெருமந்தம் சேமிப்புகளை அழித்தபோது, முதியவர்களின் பிரச்சினை அரசியல் பிரச்சினையாக மாறியது. 1935 ஆகஸ்ட் 14 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தில் ஒரு முக்கியமான நிபந்தனை இருந்தது. அரசு விடுதிகளில் தங்கியிருப்பவர்களுக்கு முதியோர் உதவித்தொகை கிடையாது! ஏழை விடுதிகளை ஒழிக்கவே இப்படி எழுதினார்கள்.

1940 ஜனவரியில் முதல் மாதாந்திர ஓய்வூதியக் காசோலை வெளியானது. வெர்மாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஐடா மே ஃபுல்லர் என்ற பெண்மணி அதைப் பெற்றார். தொகை 22 டாலர் 54 சென்ட். சிறிய தொகைதான். ஆனால் மாதாமாதம் தன் பெயருக்குப் பணம் வரும் முதியவர், எங்கே வாழ்வது என்று தானே முடிவு செய்யலாம். வீடு கட்டி விற்பவர்களும் சில ஆண்டுகளில் இதைக் கண்டுகொண்டார்கள்.

பருத்திக் காட்டில் முளைத்த ஊர்

1954-ல் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகருக்கு அருகே, பென் ஷ்லைஃபர் என்பவர் யங்டவுன் என்ற சிற்றூரைத் தொடங்கினார். ஓய்வு பெற்றவர்களுக்கென்றே திட்டமிட்ட ஊர் அது. முதியவர்களின் ஊருக்கு 'இளமை ஊர்' என்று பெயர்!

அதன் பக்கத்திலேயே டெல் வெப் என்ற கட்டடத் தொழிலதிபர் இதே யோசனையைப் பெரிய அளவில் செய்து பார்த்தார். பருத்தி விளைந்த நிலத்தில், மாதிரி வீடுகளோடு சேர்த்து கோல்ஃப் மைதானம், கடைகள், பொழுதுபோக்கு மையம் ஆகியவற்றை முதலிலேயே கட்டி முடித்தார். பிறகுதான் கதவைத் திறந்தார். 1960 ஜனவரி 1 அன்று சன் சிட்டி திறக்கப்பட்டது. முதல் மூன்று நாட்களில் சுமார் 1,00,000 பேர் பார்க்க வந்ததாகச் சொல்வார்கள். 1962-ல் டைம் இதழ் வெப்பின் படத்தை அட்டையில் போட்டது.

விதி எளிமையானது. வீட்டில் ஒருவருக்காவது 50 வயது ஆகியிருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் வயதில் பிள்ளைகள் அங்கே குடியிருக்கக் கூடாது.

வசதி குறைந்தவர்களுக்கு அரசு வேறு வழி செய்தது. 1956-ல் வந்த வீட்டுவசதிச் சட்டம், தனியாக வாழும் முதியவர்களையும் அரசு அடுக்குமாடி வீடுகளில் சேர்க்க இடம் கொடுத்தது. 1959-ல் வந்த சட்டத்தின் 202-ஆம் பிரிவு, முதியவர்களுக்கு அபார்ட்மெண்ட் கட்டும் லாப நோக்கமற்ற அமைப்புகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் தந்தது. கோல்ஃப் ஆடும் முதியவர், குறைந்த வருமானத்தில் வாழும் விதவைப் பாட்டி, இருவருக்குமே ஏறக்குறைய ஒரே காலத்தில் தனிக் குடியிருப்புகள் உருவாயின.

அறிஞர்கள் என்ன சொன்னார்கள்?

எதிர்ப்பு ஆரம்பத்திலேயே வந்தது. நகரங்களைப் பற்றி நிறைய எழுதிய லூயிஸ் மம்ஃபோர்ட், 1956-ல் ஒரு கட்டடக்கலை இதழில் இதைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். முதியவர்களைப் பிரித்து வைக்கக் கூடாது, குழந்தைகளும் கடைகளும் வேலைசெய்பவர்களும் இருக்கும் சாதாரணத் தெருவிலேயே அவர்களுக்கு வீடு வேண்டும் என்பது அவர் வாதம். கேட்பதற்கு மிகவும் நியாயமாக இருக்கிறது.

ஆனால் நேரில் போய்ப் பார்த்தவர்கள் கண்டது வேறு.

1960-ல் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் விக்டோரியா பிளாசா என்ற முதியோர் அபார்ட்மெண்ட் திறக்கப்பட்டது. ஃபிரான்சிஸ் கார்ப் என்ற உளவியலாளர், விண்ணப்பித்தவர்களைக் கட்டடம் திறக்கும் முன்பே பேட்டி கண்டார். சிலருக்கு வீடு கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் இரு பிரிவினரையும் தொடர்ந்து கவனித்தார். வீடு கிடைத்தவர்கள் அதிக மகிழ்ச்சியோடும் சுறுசுறுப்போடும் இருந்தார்கள். பிந்தைய ஆண்டுகளில் இறப்பு விகிதமும் அவர்களிடையே குறைவாக இருந்தது. (குடியேறியவர்கள் ஏற்கெனவே சற்றுத் திடமானவர்களாக இருந்திருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.)

கிளீவ்லாந்து நகரில் ஆய்வு செய்த இர்விங் ரோசோ என்ற சமூகவியலாளர், 1967-ல் வெளியிட்ட நூலில் இன்னொன்றைக் காட்டினார். அக்கம்பக்கத்தில் முதியவர்கள் அதிகமாக இருக்க இருக்க, ஒரு முதியவருக்குக் கிடைக்கும் நண்பர்களும் அதிகமானார்கள். எதிர்வீட்டில் இளம் குடும்பம் இருப்பதாலேயே நட்பு வந்துவிடவில்லை.

ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் 1973-ல் எழுதிய நூலின் பெயரே 'எதிர்பாராத சமூகம்' என்று பொருள்படும். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 43 முதியவர்கள் வாழ்ந்த ஒரு சிறிய அபார்ட்மெண்டைப் பற்றியது அது. பெரும்பாலானோர் விதவைகள். தனிமையில் வாடுபவர்களைக் காண்போம் என்று நினைக்கும் இடத்தில் அவர் கண்டது அக்கா தங்கைகள் போன்ற ஒரு கூட்டத்தை. ஒருவருக்கொருவர் கடைக்குப் போய் வருவார்கள். காலையில் ஒரு வீட்டுத் திரை விலகவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரர் போய்க் கதவைத் தட்டுவார். பிள்ளைகளுடன் இருந்த உறவும் அற்றுப்போகவில்லை.

அதே நூல் இன்னொரு பக்கத்தையும் மறைக்கவில்லை. அங்கேயும் மேல், கீழ் இருந்தது. உடல் நலமும் நினைவும் உள்ளவர்கள், அவை குறைந்தவர்களைப் பார்த்துப் 'பாவம்' என்றார்கள். அந்தப் பாவப்பட்டவர்களும் தங்களைவிட மோசமான நிலையில் இருப்பவர்களைக் காட்டிப் 'பாவம்' என்றார்கள்!

திரை விலகாவிட்டால் கதவைத் தட்ட ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 1995 ஜூலையில் சிகாகோ காட்டியது. சில நாட்கள் அடித்த வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பலர் முதியவர்கள். தனியாக வாழ்ந்தவர்களுக்கும் வீட்டைவிட்டு வெளியே வராதவர்களுக்கும் ஆபத்து அதிகமாக இருந்ததாகப் பின்னர் நடந்த ஆய்வு சொன்னது. அவர்கள் வாழ்ந்தது மம்ஃபோர்ட் விரும்பிய அந்தச் சாதாரணத் தெருக்களில்தான். தெருவில் எல்லா வயதினரும் இருந்தார்கள், கதவைத் தட்டத்தான் யாரும் இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம்

இவ்வளவு நன்மைகள் இருந்தால் பிறகு தீமை எங்கே? வேலிக்கு வெளியே நின்றவர்களைக் கேட்டால் தெரியும்.

சன் சிட்டி அப்போது பியோரியா பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதி. பள்ளிக்கூடம் கட்டக் கடன் பத்திரம் வெளியிட வேண்டுமானால் மக்கள் ஓட்டுப்போட்டு அனுமதிக்க வேண்டும், அந்தக் கடனை வீட்டு வரியிலிருந்து அடைக்க வேண்டும். சன் சிட்டி முதியவர்கள் திரளாக வந்து எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். பல முறை தீர்மானங்கள் தோற்றன. பக்கத்து ஊர்களில் பிள்ளைகள் பெருகிக்கொண்டே போக, வகுப்பறைகள் போதவில்லை. கடைசியில் 1970-களின் நடுவில் சன் சிட்டியைப் பள்ளி மாவட்டத்திலிருந்தே பிரித்துவிட்டார்கள். முதியவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. அவர்கள் தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கு வேறு ஊர்களில் ஏற்கெனவே வரி கட்டியவர்கள், இப்போது வருவது நிலையான ஓய்வூதியம் மட்டும். ஆனால் அவர்கள் படித்த காலத்திலும் யாரோ ஒரு கிழவர் வரி கட்டியிருப்பாரே!

யங்டவுனில் நடந்தது இன்னும் மனதைத் தைப்பது. 1990-களின் பிற்பகுதியில், பெற்ற வீட்டில் சூழல் சரியில்லாத ஒரு பேரன் தாத்தா பாட்டியிடம் வந்து தங்கினான். ஊர் விதிப்படி அவன் அங்கே வாழக் கூடாது. அவனை அனுப்பாவிட்டால் நாளொன்றுக்கு 100 டாலர் அபராதம் என்றது ஊர் நிர்வாகம். விவகாரம் மாநில அட்டர்னி ஜெனரல் வரை போனது. ஊரின் வயது விதியே சட்டப்படி செல்லாது என்று தெரியவந்து, 1998-ல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. அதன்பின் குழந்தைகள் உள்ள குடும்பங்கள் அங்கே குடிவந்தன. முதியோருக்கென்று பிறந்த யங்டவுன் இப்படி எல்லா வயதினரின் ஊராயிற்று.

நாடு முழுவதற்குமான சட்டம் வேறு திசையில் போனது. 1988-ல் திருத்தப்பட்ட நியாய வீட்டுவசதிச் சட்டம், குழந்தைகள் இருப்பதைக் காரணம் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்றது. ஆனால் முதியோர் குடியிருப்புகளுக்கு விலக்கு அளித்தது. 80 சதவீத வீடுகளில் ஒருவராவது 55 வயதைத் தாண்டியிருந்தால் போதும். முதியோருக்கான சிறப்பு வசதிகளும் இருக்க வேண்டும் என்று முதலில் இருந்த நிபந்தனையை 1995-ல் நீக்கிவிட்டார்கள்.

உடல் தளரும் நாள்

இன்னொரு தீமை, பெயரிலேயே இருக்கிறது. பிறர் உதவி இல்லாமல் வாழ முடிகிறவரைதான் அது 'இன்டிபென்டன்ட்' வாழ்க்கை. அதற்குப் பிறகு?

1965-ல் வந்த மெடிக்கேர் திட்டம் மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. குடியிருப்பு வாடகையை ஏற்பதில்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தாலோ நினைவு தப்பினாலோ, வெளியிலிருந்து பணிப்பெண்ணைக் கூடுதல் காசுக்கு அமர்த்த வேண்டும், அல்லது பழகிய வீட்டையும் நண்பர்களையும் விட்டு வேறு இடம் போக வேண்டும்.

இதற்குத் தீர்வாக, ஒரு பெருந்தொகையை முதலிலேயே வாங்கிக்கொண்டு சாகும்வரை பார்த்துக்கொள்கிறோம் என்ற ஒப்பந்தங்களும் வந்தன. அதிலும் ஆபத்து இருந்தது. கலிபோர்னியாவை மையமாகக் கொண்ட பசிபிக் ஹோம்ஸ் நிறுவனம் இப்படிப் பலரிடம் பணம் வாங்கியிருந்தது. விலைவாசி ஏறியது, முதியவர்களும் கணக்குப் போட்டதைவிட நீண்ட நாள் வாழ்ந்தார்கள். 1977-ல் நிறுவனம் திவாலானது. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்திருந்தவர்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியதாயிற்று.

2020-ல் கொரோனா வந்தபோது பொதுச் சாப்பாட்டுக்கூடங்கள் மூடப்பட்டன. விருந்தினருக்கும் தடை. சேர்ந்து வாழ வந்தவர்கள் மாதக்கணக்கில் அறைக்குள் தனியே சாப்பிட்டார்கள்.

எதை வைத்து முடிவு செய்வது?

கோவையைச் சுற்றிலும் இன்று இத்தகைய குடியிருப்புகள் பல இருக்கின்றன. அங்கே வாழ்பவர்களில் பலரின் பிள்ளைகள் இருப்பது அமெரிக்காவில்! 2019-ல் இந்திய அரசின் வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வுபெற்றோர் இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டு விதிகளையும் வெளியிட்டது. அதனால் இந்த வரலாறு தூரத்துக் கதையாக இல்லை.

அது சொல்லித் தருவது இதுதான். இந்தக் குடியிருப்புகளின் பெரிய நன்மையும் பெரிய தீமையும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. ஒத்த வயதுக்காரர்களைச் சேர்த்து வைப்பது நட்பைத் தருகிறது. மற்றவர்களை வெளியே நிறுத்துவது பேரனுக்குக்கூடக் கதவை அடைக்கிறது. முதலாவது கிடைக்க இரண்டாவது தேவை என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. ஹாக்ஸ்சைல்ட் பார்த்த 43 பேருக்கு ஒரு கட்டடமே போதுமாக இருந்தது, தனி ஊர் தேவைப்படவில்லை.

ஆகவே பெற்றோருக்காகவோ தனக்காகவோ இப்படி ஒரு வீட்டைப் பார்க்கப் போகிறவர், நீச்சல் குளத்தைப் பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கலாம். போகப்போகிறவர் தானே விரும்பிப் போகிறாரா? பேரப்பிள்ளை வந்து ஒரு மாதம் தங்க முடியுமா? படுத்த படுக்கையானால் என்ன நடக்கும் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா?

மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் அது வீடு. கிடைக்காவிட்டால், எத்தனை அழகாக இருந்தாலும் அது பழைய ஏழை விடுதியின் பணக்காரத் தம்பிதான்.