இசைத்தட்டில் ஏறாத குரல்கள்

2024 பிப்ரவரி 20ஆம் நாள் அமீன் சயானி மறைந்தார். அந்த அறிவிப்பாளரைப் பற்றி எழுத முற்படும் எவரும் கொழும்பைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. 1952 டிசம்பர் 3ஆம் நாள் தொடங்கிய அவருடைய 'பினாக்கா கீத்மாலா' இலங்கை வானொலியில் ஒலித்த நிகழ்ச்சி. அன்றைய இந்திய ஒலிபரப்புத் துறை அமைச்சர் பி.வி. கேஸ்கருக்குத் திரைப்பாடல்கள் மீது மதிப்பில்லை. அகில இந்திய வானொலியில் அவற்றுக்கான இடம் சுருங்கிப் போயிற்று. சொந்த நாட்டில் இடம் குறுகிய பாடல்களுக்குக் கொழும்பு புகலிடம் தந்தது. போர்க்காலத்தில் நேசநாட்டுப் படைகளின் வானொலிக்காகத் திட்டமிடப்பட்ட ஆற்றல்மிக்க சிற்றலை ஒலிபரப்பி அங்கே இருந்ததால், அந்தக் குரல் இந்தியா முழுவதும் எட்டியது. 1957 அக்டோபரில் 'விவித் பாரதி' தொடங்கிய பின்னரே இந்திய வானொலி தன் நேயர்களை மீட்கத் தலைப்பட்டது.

இதைவிடப் பெரிய தொண்டு ஒன்றையும் அந்நிலையம் செய்தது. காலைதோறும் ஒலித்த பழைய இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியின் கடைசிப் பாடல் கே.எல். சைகாலுடையதாக இருப்பது அங்கே மரபாயிற்று. சைகால் 1947இல் காலமானவர். அவரோடு ஜோராபாய், அமீர்பாய் கர்நாடகி, குர்ஷித், ராஜகுமாரி எனப் பின்னாளில் மறக்கப்பட்ட பாடகியர் பலரும் கொழும்பு இசைத்தட்டு நூலகத்தின் வாயிலாக அடுத்த தலைமுறையின் காதுகளுக்கு வந்து சேர்ந்தனர். கான்பூரைச் சேர்ந்த ஹர்மந்திர் சிங் 'ஹம்ராஜ்' 1931 முதலான இந்திப் படங்களின் பாடல் விவரங்களைத் தொகுதி தொகுதியாக நூலாக்கினார். இன்று ஒரு பழைய பாடலைப் பாடியவர் யார் என்று தேடுவோர் அந்தத் தொகுதிகளையே புரட்டுகின்றனர்.

ஆனால் இந்த மீட்பு முயற்சிகளுக்கெல்லாம் ஓர் எல்லை உண்டு. இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா' 1931 மார்ச் 14இல் வெளிவந்தது. அதில் ஏழு பாடல்கள். அவை இசைத்தட்டில் பதிவாகவில்லை. படத்தின் பிரதியும் எஞ்சவில்லை. எனவே அந்தப் பாடல்களை எந்தச் சேகரிப்பாளராலும் மீட்க முடியவில்லை. அரக்குத் தட்டில் ஏறியது பிழைத்தது, ஏறாதது போயிற்று.

இந்த உண்மை எனக்கு முழுதாக உறைத்த இடம் மும்பையன்று, சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்கள். செய்தியாளனாக இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, எட்டியாந்தோட்டைப் பகுதிகளில் பலமுறை அலைந்திருக்கிறேன். தேயிலையும் ரப்பரும் கலந்த நாடு அது. ஒருமுறை, ரப்பர் பால் வெட்டி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர், லயத்து வாசலில் அமர்ந்து சைகாலின் மெட்டொன்றைப் பிசகின்றி முனகினார். இந்தியில் ஒரு சொல்லும் அறியாதவர். இளமையில் கடைவீதி வானொலியில் கேட்டதாம். "உங்கள் தாயார் பாடிய தாலாட்டு நினைவிருக்கிறதா ஐயா?" என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். "ரெண்டு அடி வருதுங்க, ராகம் வரல்லை" என்றார்.

அவர் நினைவில் மட்டும் நேர்ந்த இழப்பன்று அது. சைகால் புகழின் உச்சியில் இருந்த காலத்தில்தான் இலங்கைத் தோட்டங்களில் மீனாட்சி அம்மையின் குரல் ஒலித்தது. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் அவர். தோட்டத்திற்குள் வெளியார் நுழையத் தடை இருந்த நாட்களில் தொழிலாளர் கூட்டங்களில் பாரதி பாடல்களையும், தாமே இயற்றிய பாடல்களையும் பாடினார். இலங்கைவாழ் இந்தியர் நிலையைப் பற்றிய அவருடைய பாடல்கள் 1940இல் சிறு நூலாகவும் வந்தன. ஆய்வாளர் சாரல்நாடன் முதலியோரின் உழைப்பால் அவர் பெயரும் சொற்களும் நமக்கு மீண்டும் கிடைத்திருக்கின்றன. எனினும் அந்தக் குரல் எப்படி இருந்தது என்பதைச் சொல்ல ஓர் இசைத்தட்டு நம்மிடம் இல்லை.

பெயர் தெரிந்தவரின் கதையே இதுவென்றால், காமன் கூத்திலும் பொன்னர் சங்கரிலும் தொண்டை வற்றப் பாடியவர்களைப் பற்றி என்ன சொல்ல! அவர்களுடைய நூலகம் அவர்கள் நினைவுதான். அந்த நினைவைச் சுமந்த மக்களோ சிதறடிக்கப்பட்டனர். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974 வரை தொங்கலில் இருந்தது. பின்னர் 1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்செயல்கள். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் கடுமையாகத் தாக்கப்பட்டன. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வவுனியாவுக்கும் தமிழகத்திற்கும் போனவர்கள் பலர். கூத்துக்கு ஆசிரியர் நீலகிரியிலும், தப்படிப்பவர் வன்னியிலும், பின்பாட்டுக்காரர் காவத்தையிலும் இருந்தால் பாட்டு எங்கே நிற்கும்?

கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கினார்; 1984இல் மறைந்தார். அந்தத் தொகுப்பு இல்லையேல் சொற்களும் நமக்கு மிஞ்சியிரா. ஆயினும் அச்சில் மெட்டு ஏறுவதில்லை. தாலாட்டின் இழுவையையும் ஒப்பாரியின் விம்மலையும் காகிதம் காட்டாது.

இந்திப் பாடல்களுக்குக் கொழும்பு செய்த உதவியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அயல்மொழிப் பாடலுக்கு ஒரு தீவு காட்டிய விருந்தோம்பல் போற்றத்தக்கது. அதே தீவில், கொழும்பிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் எட்டிவிடும் தோட்டங்களில் பாடியவர்களின் முன்னே ஒலிவாங்கியை வைக்கவேண்டும் என்ற எண்ணம் போதிய காலத்தில், போதிய அளவில் எழவில்லை என்பதே என் ஆதங்கம். சைகாலைக் காத்தது அவருடைய மேதைமை மட்டுமன்று. அவரைப் பதிவு செய்ய ஒரு நிறுவனமும், அந்தத் தட்டைப் பேண ஒரு நிலையமும், குறித்துவைக்க ஒரு நேயரும் இருந்தனர்.

அம்மக்கள் இலங்கைக்கு வந்த 200ஆம் ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. விழா எடுத்தோம், நடந்தோம், பேசினோம். இனியேனும் ஒரு சிறு காரியம் செய்யலாம். தெரணியகலையிலோ பலாங்கொடையிலோ, கோத்தகிரியிலோ, இலண்டனிலோ, ரொறன்ரோவிலோ, தோட்டத்தில் பிறந்த முதியவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், கைப்பேசியை அருகே வைத்து அவரைப் பாடச் சொல்லுங்கள். ஊர், தோட்டம், பாடியவர் பெயர், நாள் ஆகியவற்றையும் அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். அரைகுறையாக இருந்தாலும் பாதகமில்லை. இரண்டு அடியும் ராகமும் கிடைத்தால் மீதியை அறிந்த இன்னொருவர் எங்கேனும் இருப்பார்.