வணிகர் தெய்வத்தின் சேவல்

புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் மாசிமகத்தன்று பல ஊர்த் தெய்வத் திருமேனிகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும். கருடனைக் கண்டால் திருமால் என்றும், மயிலைக் கண்டால் முருகன் என்றும் மக்கள் அறிந்துகொள்வர். அங்கே விலங்கும் பறவையும் எழுத்தாகிவிடுகின்றன.

அக்கரையிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றோரத்தில் அரிக்கமேடு உள்ளது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் இத்தாலியச் செங்கலங்களும், மது கொணர்ந்த சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமுடன் நிகழ்ந்த வாணிபத்துக்கு அவை சான்று.

அவ்வுரோமர்க்கும் விலங்குகள் எழுத்தே. மெழுகில் உருச்செய்து, மண் பூசி, சூட்டால் மெழுகை வெளியேற்றி, அவ்விடத்தில் வெண்கலத்தை வார்த்தனர். உள்ளங்கையில் அடங்கும் அவ்வுருவங்களை வீட்டு மாடத்தில் வைத்தனர். கோயிலுக்கு நேர்ந்தும் அளித்தனர். கழுகு, ஜூபிடரின் பறவை. படையணியின் சின்னமும் அதுவே. ஆந்தை, மினர்வாவின் அறிவைக் குறித்தது. பெண் ஓநாய், நகரை நிறுவிய இரட்டையர்க்குப் பாலூட்டிய கதையை நினைவூட்டியது. வணிகரின் தெய்வமான மெர்க்குரிக்கோ சேவல், ஆடு, ஆமை மூன்றும் துணை. சேவல் விடியலை அறிவிப்பது. ஆடு மந்தையின் பெருக்கம். ஆமையோட்டில் அவர் யாழ் செய்தார் என்பது அவர்தம் புராணம்.

ஒப்புமை கண்டவுடன், 'அங்கிருந்து வந்ததே இங்குள்ளது' என முடிவு கட்டலாகாது. ஆதிச்சநல்லூர் வெண்கலக் கலங்களின் மூடிகளில் சேவலும் எருமையும் புலியும் அமர்ந்துள்ளன. உரோமக் கப்பல்கள் வருமுன்பே வாழ்ந்த மக்களின் கைவேலை அது.

"உருவத்தை வணங்காத நமக்கு இவ்வாராய்ச்சி எதற்கு?" என வினவுவாரும் உளர். அவர்கட்கு வெண்கலச் சிங்கம் ஒன்றையே விடையாகக் காட்டலாம். ஹிஜ்ரி 577-இல் (கி.பி. 1181-82) குராசான் நாட்டில் ஓர் அமீருக்காக வார்க்கப்பட்ட அது, இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அது ஒரு தூபக்கலம். மேனியெங்கும் துளைகள், அவற்றின் வழியே நறும்புகை எழும். அமீரின் பெயரும் செய்தவரின் பெயரும் அரபு எழுத்தில் அதன்மேல் பொறிக்கப்பட்டுள்ளன. அது வழிபாட்டுக்கு அன்று, அவையை மணக்கச் செய்வதற்கே அமைந்தது.

உலோகம் ஒன்றே, விலங்கும் ஒன்றே. அதில் மனிதர் ஏற்றிய பொருள்தான் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. வணங்குதல் வேறு, வரலாற்றை வாசித்தல் வேறு. பின்னதை மறந்தால், நம் கைவினைஞர் வார்த்த சிங்கமும் நமக்கு அந்நியமாகிவிடும்.